கைராசிக்காரரின் கார்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ரெங்கராஜ் ஒரு முடிவோடு பல் தேய்த்தார். மற்ற நாட்களில் அவர் பல் மட்டும்தான் தேய்ப்பார். முடிவெடுப்பது அந்த வீட்டில் அவருடைய மனைவி பிரகதீஸ்வரியின் இலாகா. இன்று இலாகா மாறிவிட்டது. பொழுது சாய்வதற்குள் போர்ட்டிகோவில் செடித்தொட்டி இருக்கக் கூடாது, கார் இருக்க வேண்டும். வாய் கொப்பளித்துத் துப்பும்போதுகூட ஒரு கம்பீரம் இருந்தது.

ஆலங்குடியில் அவர் வீடு கட்டியபோது இன்ஜினியர் வரைபடத்தில் முன்பக்கத்தைக் காட்டி, "இது கார் நிறுத்துற எடம் சார்" என்றார். அப்போது காரும் இல்லை, தொட்டியும் இல்லை. தொட்டி முந்திக்கொண்டது. தொட்டி என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். பெயின்ட் வாளி, கழுத்து உடைந்த பிளாஸ்டிக் குடம், ஆயுள் முடிந்த கிரைண்டரின் டிரம், ஜெகதாப்பட்டினத்திலிருந்து மீன் கொண்டுவரும் பொன்னுத்தாய் கொடுத்துவிட்டுப் போன தெர்மாக்கோல் பெட்டிகள். மண் கொள்ளும் பாத்திரம் எதுவும் அந்த வீட்டில் வெளியே போனதில்லை. ஒரு முறை அவருடைய பழைய ஹெல்மெட்டைக் காணோம் என்று தேடினார். அதில் கற்பூரவல்லி தளதளவென்று இருந்தது.

பிறகு வாங்கிய கார் வெயிலில் நின்றது. எதிர்ச் சுவரோரம் ஒரு வேப்பமரம் உண்டு. அதன் நிழல் காலையில் மட்டும் காரின் மேல் விழும். எட்டு மணிக்கு மேல் அதுவும் நகர்ந்துவிடும். அதன் பிறகு ஸ்டியரிங்கைத் தொட்டால் தோசைக்கல்லைத் தொட்ட மாதிரி இருக்கும். ரெங்கராஜ் துண்டைப் போட்டுத்தான் ஸ்டியரிங்கைப் பிடிப்பார். ஆபீசில் எல்லோரும் லேப்டாப் பையோடு இறங்குவார்கள். இவர் துண்டோடு இறங்குவார், ஊருணிக்குக் குளிக்கப் போகிறவர் போல.

நேரடிச் சண்டை போட்டுப் பார்த்தாகிவிட்டது. தோற்றாகிவிட்டது. ஆகவே இந்த முறை தந்திரம். பிரகதீஸ்வரி செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த இடத்துக்கு வந்து, ஒரு பெருமூச்சு விட்டார்.

"பாவம் பிரகதா இதுங்க."

"எதுங்க?"

"செடிங்களத்தான் சொல்றேன். வாளிக்குள்ள வேரச் சுருட்டிக்கிட்டு கெடக்குதுங்க. மனுசன் கால நீட்டிப் படுக்குற மாதிரி அதுவும் வேர நீட்ட வேணாமா?"

பிரகதீஸ்வரி குடத்தை இறக்கி வைத்தாள்.

"பின்னால பலா மரத்தடி சும்மாத்தான கெடக்கு" என்றார் அவர். "நல்ல நெழலு. பெரணி, இன்சுலின் செடி, வெத்தலக் கொடி எல்லாம் நெழல்ல வாழுற சாதி. அங்கிட்டு ஒரு பாத்தி கட்டி எல்லாத்தையும் எறக்கி விட்ருவோம். வருசக்கணக்கா நிக்கும்."

இதற்கு அவள் சொல்லக்கூடிய மறுப்புகளையெல்லாம் முன்கூட்டியே யோசித்து, ஒவ்வொன்றுக்கும் பதில் தயாரித்து வைத்திருந்தார். பலா மரத்தடி மண் சரியில்லை என்பாள். இப்போது எடுத்தால் வாடிவிடும் என்பாள். அவள் சொன்னது இவ்வளவுதான்.

"நல்ல யோசனைங்க. செஞ்சுருவோம்."

ரெங்கராஜுக்குத் திக்கென்றது. தயாரித்த பதில்கள் அத்தனையும் வீண். தள்ளிய கதவு திறந்தே இருந்ததால் உள்ளே போய் விழுந்தவர் போல நின்றார்.

"ஆனா ஒண்ணுங்க. நான் கை வைக்க மாட்டேன். வச்ச கை பிடுங்கக் கூடாதுன்னு எங்க குடுமியான்மலப் பக்கம் ஒரு ஐதீகம். நீங்கதான் எடுத்து நடணும். ஒங்க கைக்கு ராசி உண்டா?"

"என்ன இப்பிடிக் கேட்டுட்ட? எங்க ஆபீஸ் வாசல்ல தழதழன்னு நிக்குதே புங்க மரம், அது யார் வச்சதுன்னு நெனச்ச?"

வைத்தது மேலதிகாரி. ரெங்கராஜ் பக்கத்தில் நின்று மக்கில் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். அந்தப் புகைப்படம் வீட்டு ஹாலில்தான் மாட்டியிருக்கிறது. தினமும் அதைத் துடைப்பது பிரகதீஸ்வரி. 

ரெங்கராஜ் விவரமானவர். வாக்குறுதியைக் காற்றில் விடக் கூடாது என்று காம்பவுண்டுச் சுவரருகே போய் அடுத்த வீட்டுச் செல்லமுத்துவைக் கூப்பிட்டார். செல்லமுத்து பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். விசிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டார், குரலைக் கொடுக்கவில்லை.

"அண்ணே, நீங்க சாட்சி. இந்தா பாரு பிரகதா, நான் பாத்தி வெட்டி எல்லாத்தையும் எறக்கிடறேன். அதுக்கப்புறம் ஒன் தொட்டி ஒண்ணுகூட இந்தப் போர்ட்டிகோவுல இருக்கக் கூடாது."

"இருக்காதுங்க. செல்லமுத்தண்ணே, கேட்டுக்கங்க. என் தொட்டி ஒண்ணுகூட இங்கிட்டு இருக்காது."

"டிக்கெட் கிழிச்சாச்சு" என்றார் செல்லமுத்து. "இனிமே ரெண்டு பேரும் மாத்திப் பேசக் கூடாது."

முந்தின நாள் நல்ல மழை பெய்திருந்தது. இருந்தும் பலா மரத்தடிச் சரளைமண் ரெங்கராஜை மதிக்கவில்லை. கடப்பாரையைப் போட்டால் டங் என்று திரும்பி வந்தது. கஜா புயலுக்கே அசையாத மரம் அது. இவர் கடப்பாரைக்கா அசையப் போகிறது. பிரகதீஸ்வரி நாற்காலியைக் கொண்டுவந்து மரத்தடியில் போட்டு, கையில் டீ டம்ளரோடு உட்கார்ந்தாள். கை வைக்க மாட்டேன் என்றாளே தவிர, வாய் வைக்க மாட்டேன் என்று அவள் சொல்லவில்லை.

"பலா வேர வெட்டிராதீங்க. வேருக்கு நடுவுல எடம் பாத்துத் தோண்டுங்க."

"எனக்குத் தெரியும்."

"தொழு எருவையும் மக்குன எலையையும் மண்ணோட கலந்துக்கங்க."

"எனக்குத் தெரியும்."

"வாளியக் கவுத்து, தண்டுக்கு ரெண்டு பக்கமும் வெரலக் குடுத்துப் பிடிச்சுக்கிட்டு, பின்னால லேசா ஒரு தட்டு தட்டுங்க."

இதுவும் தெரியும் என்று சொல்லிவிட்டுத்தான் ரெங்கராஜ் வாளியைக் கவிழ்த்தார். லேசாகத் தட்டினார், வரவில்லை. ஓங்கித் தட்டினார். இன்சுலின் செடி மண்ணோடு மொத்தமாகப் புறப்பட்டு, பாத்தியில் விழாமல் பாதத்தில் விழுந்தது. அவர் ஒற்றைக் காலில் மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"வேர் சுருண்டு கெடக்கு பாருங்க, அதப் பதமாப் பிரிச்சு விட்டு வைங்க" என்றாள் பிரகதீஸ்வரி, செடியின் நலன் கருதி.

சுவருக்கு மேலே செல்லமுத்துவின் தலை தெரிந்தது.

"தம்பி, நெட்டையெல்லாம் பின்னாடி ஏத்துங்க. குட்டையெல்லாம் முன்னாடி. அந்தக் கனகாம்பரத்துக்கு ஜன்னலோர சீட்டுக் குடுங்க, கொஞ்சம் வெளிச்சம் வேணும் அதுக்கு. பெரணி உள்ள போகட்டும். உள்ள எடம் கெடக்கு பாருங்க."

"அண்ணே, நான் பாத்துக்கறேன்."

"ரொம்ப நெருக்காதீங்க. ஓவர்லோடு ஆயிரும்."

மாலையில் பாத்தி நிறைந்தது. பின்வரிசையில் இன்சுலின் செடி, மரத்தை ஒட்டி வெற்றிலைக் கொடி, நடுவில் பெரணி, விளிம்பில் கனகாம்பரம். வாளிகளும் பெட்டிகளும் காலியாகிக் கொல்லைச் சுவரோரம் அடுக்கப்பட்டன. ஹெல்மெட் கழுவப்பட்டு உரியவரிடம் வந்து சேர்ந்தது. ரெங்கராஜின் இடுப்பு மட்டும் உரிய இடத்துக்கு வரவில்லை. முதுகு முழுக்கத் தைலம் தடவிக்கொண்டு, ஆனாலும் தானே காரை ஓட்டி வந்து, எலுமிச்சம்பழத்தை நசுக்கி, போர்ட்டிகோவுக்குள் ஏற்றினார். என்ஜினை அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் இறங்காமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தார். ஸ்டியரிங் குளுகுளுவென்று இருந்தது. அதை அவர் தடவிக் கொடுத்ததை பிரகதீஸ்வரி ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் ரெங்கராஜே எதிர்பாராதது. செடிகள் பிழைத்தன. சாதாரணமாகப் பிழைக்கவில்லை. புரட்டாசி மழை முடிந்து ஐப்பசி பிறந்தபோது பலா மரத்தடி பச்சைப்பசேலென்று மூடிக்கொண்டது. வெற்றிலைக் கொடி மரத்தில் ஏறத் தொடங்கியது. கனகாம்பரம் பூத்துத் தள்ளியது. பிரகதீஸ்வரி அதைச் சரம் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு கோயிலுக்குப் போனாள். பூ எங்கே வாங்கியது என்று கேட்டவர்களிடமெல்லாம் ஒரே பதில்.

"வாங்கலங்க. எங்க வீட்டுக்காரர் வச்சது. அவுக கைராசி அப்பிடி."

பேச்சு தெரு முழுக்கப் பரவிற்று. ரெங்கராஜ் முதலில் கூச்சப்பட்டார். ஒரு நாள்தான். மறுநாள் முதல் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார், விலையுயர்ந்த பொருளைப் பத்திரப்படுத்துவது போல. டீக்கடையில் வேர் பிரிப்பது பற்றி வகுப்பெடுத்தார். அடுத்த தெரு ஷர்லி டீச்சர் ஒரு முறை வழியில் நிறுத்தி, "சார், எங்க வீட்டுச் செடியெல்லாம் ஏன்தான் வாடிப் போகுதோ தெரியல" என்று வருத்தப்பட்டபோது, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"எதுவா இருந்தாலும் என் கையில குடுங்க டீச்சர். பட்ட கட்டையக் குடுத்தாலும் தளுக்க வச்சுர்றேன்" என்றார்.

ஷர்லி டீச்சர் அதை அப்படியே எடுத்துக்கொண்டார். ஆசிரியர்கள் சொன்னதை மறப்பதில்லை.

முதலில் டீச்சரின் பெரணி, ஒரே ஒரு தொட்டி வந்தது. போர்ட்டிகோவின் மூலையில், காரின் பின்சக்கரத்துக்கு அந்தப்பக்கம். ரெங்கராஜ் பெருந்தன்மையோடு அதை எடுத்து மண் மாற்றி வைத்துக் கொடுத்தார். வேர் பிடிக்கிற வரைக்கும் கைராசிக்காரர் வீட்டு நிழலிலேயே இருக்கட்டும் என்றாள் பிரகதீஸ்வரி. நியாயமாகத்தான் பட்டது. பிறகு பொன்னுத்தாய் மீன் பெட்டியில் வாடின வெற்றிலைக் கொடியோடு வந்தாள். செல்லமுத்து ஒரு குரோட்டன்சோடு வந்தார். தெருவில் யாருக்குச் செடி வாடினாலும் இங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். ஆஸ்பத்திரி மாதிரி உள்நோயாளிகள் அதிகமானார்கள். காரின் கதவைத் திறக்க முடியாமல் ரெங்கராஜ் டிக்கி வழியாக ஏறுவது பற்றி யோசிக்க வேண்டி வந்தது.

ஒரு திங்கட்கிழமை காரை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனார். சாயங்காலம் திரும்பி வந்து கேட்டைத் திறந்தவர், கேட்டைப் பிடித்தபடியே நின்றுவிட்டார். கார் இருந்த இடத்தில் வரிசையாகத் தொட்டிகள். எட்டிப் பார்த்த செல்லமுத்துவுக்கு நிலைமை சட்டென்று புரிந்தது.

"சீட்டுல துண்டு போடாம எறங்கிட்டீங்களே தம்பி" என்றார் அனுதாபத்தோடு.

துண்டு காருக்குள் இருந்தது. கார் வேப்பமரத்தடிக்குத் திரும்பிப் போயிற்று. ரெங்கராஜ் வீட்டுக்குள் வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் கேட்டார்.

"பிரகதா, நீ என்ன வாக்குக் குடுத்த?"

"என் தொட்டி ஒண்ணுகூட இங்கிட்டு இருக்காதுன்னேன்."

"அப்ப இதெல்லாம் என்ன?"

"நீங்களே பாருங்க. அந்தப் பெரணி ஷர்லி டீச்சரோடது. அது பொன்னுத்தாயி கொடி. இந்தா இது செல்லமுத்தண்ணனோடது. இதுல என் தொட்டி ஒண்ணு இருந்தாக் காட்டுங்க, இப்பவே தூக்கிக் கெடாசிர்றேன்."

ரெங்கராஜ் குனிந்து குனிந்து பார்த்தார். ஒன்றுகூட இல்லை. பிரகதீஸ்வரி வாக்குத் தவறாதவள்.

"நாளைக்கே எல்லாத்தையும் கொண்டு போகச் சொல்லு."

"நான் எப்பிடிங்க சொல்றது? பட்ட கட்டையத் தளுக்க வைக்கிறேன்னு சொன்னது நீங்க. டீச்சர் ஸ்டாஃப் ரூமெல்லாம் சொல்லி வச்சிருக்கு."

அன்று அவர் சாப்பிட்டுக்கொண்டே யோசித்தார். தொட்டிகள் வருவதற்குக் காரணம் கைராசி. கைராசி போனால் தொட்டி போகும். தொட்டி போனால் கார் வரும். கணக்கு சுத்தமாக இருந்தது. நடுகிற செடி ஒன்று செத்துப் போக வேண்டும், அவ்வளவுதான். ஷர்லி டீச்சரின் பெரணியைத் தேர்ந்தெடுத்தார். டீச்சர் செடி செத்தால்தான் ஊருக்கே சேதி போகும்.

ஞாயிற்றுக்கிழமை டீச்சரை வரச் சொல்லி, அவர் கண்முன்னாலேயே பெரணியை வேறு தொட்டிக்கு மாற்றினார். வேரைப் பிரிக்கவில்லை, மடக்கித் திணித்தார். எருவும் போடவில்லை. மண்ணைக் கட்டை விரலால் சிமென்ட் பூசுவது போல அழுத்தினார். தண்ணீர் விடுவது போலக் கையை மட்டும் ஆட்டினார். டீச்சர் கண்ணை மூடி ஜெபம் செய்துகொண்டிருந்ததால் எதையும் பார்க்கவில்லை. பிரகதீஸ்வரி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

பெரணி சாகவில்லை. அடுத்த வாரம் புதுக்குருத்து சுருண்டு எழுந்தது. ரெங்கராஜ் அதை வெறித்துப் பார்த்தார். தன் கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கே பயமாக இருந்தது. நிஜமாகவே இருக்கிறதோ என்னவோ.

அந்தப் பயத்தில்தான் மறுநாள் விடிந்ததும் எழுந்து வெளியே வந்தார். போர்ட்டிகோவில் பிரகதீஸ்வரி முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். கையில் சமையல் கரண்டி. முந்தின நாள் அவர் நட்டுவைத்த குரோட்டன்சை மண்ணோடு வெளியே எடுத்து, வேரைப் பதமாகப் பிரித்து, எருவும் மண்ணும் போட்டு, திரும்ப வைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்ற?"

"நீங்க வச்சதச் சரி பண்றேங்க."

"எத்தன நாளா?"

"மொத நாளுலேருந்து."

ரெங்கராஜ் படியில் உட்கார்ந்தார். "பலா மரத்தடியிலயுமா?"

"அது பூராவுமே. நீங்க வச்ச ஆழத்துலயே விட்டிருந்தா செடி மொளச்சுத்தான் வெளிய வந்திருக்கணும். நீங்க தைலம் தேச்சுட்டுப் படுத்தீங்க, நான் போயி ஒவ்வொண்ணா எடுத்து வச்சேன்."

"வச்ச கை பிடுங்கக் கூடாதுன்ன?"

"நான் வச்சதத்தான் நான் பிடுங்கக் கூடாது. பாத்தியில வச்சது நீங்கதான?"

அவர் தன் கைகளை இன்னொரு முறை திருப்பிப் பார்த்தார்.

"அப்ப கைராசி ஒன்னோடதா? அத ஒன் பேர்லயே சொல்லிக்க வேண்டியதுதான?"

பிரகதீஸ்வரி கரண்டியை மண்ணில் குத்தி நிறுத்தினாள். "இத்தன வருசமா நான்தான் வச்சேன். யாராச்சும் கைராசின்னு சொன்னாங்களா? பொம்பள வச்சா அது வேல. ஆம்பள ஒரு தடவ வச்சா கைராசி. இப்பப் பாருங்க, செடி கொண்டாறவுக எல்லாரும் சும்மா வர்றாங்களா? செடிக்குக் காசு வாங்குனா வெளங்காதுன்னு ஆளுக்கு ஒரு கன்னு எனக்குக் குடுக்குறாங்க. நான் கேட்டுக் கேட்டுப் பாத்தும் கெடைக்காத சித்தரத்த, ஆடாதொட எல்லாம் பாத்தியில வந்து நிக்கிது."

அவள் சொன்னது அத்தனையும் உண்மை என்பது ரெங்கராஜுக்கு வலித்தது. உண்மை வலித்ததைவிட, அது இத்தனை காலம் தன் கண்ணில் படாததுதான் அதிகம் வலித்தது. ஆனால் வலியையும் மீறி ஒரு வெளிச்சம் தெரிந்தது. இதை வெளியே சொன்னால் போதும். போர்ட்டிகோ அவருக்கு.

அவள் அதையும் படித்துவிட்டாள்.

"ஒங்களுக்கு வேணாம்னா சொல்லுங்க. ஷர்லி டீச்சர் இப்ப வரும். கைராசியெல்லாம் ஒண்ணுமில்ல, புங்க மரத்துக்கு மக்குல தண்ணிதான் எடுத்துக் குடுத்தாருன்னு சொல்லிர்றேன். மத்தியானத்துக்குள்ள எல்லாத் தொட்டியும் போயிரும். நீங்க கார ஏத்திக்கலாம்."

ரெங்கராஜ் தெருவைப் பார்த்தார். பால்காரர் போகிற போக்கில் வண்டியை மெதுவாக்கி, "கைராசிக்காரரே, வணக்கம்" என்றார். இந்தத் தெருவில் இத்தனை வருடத்தில் அவரை யாரும் எந்தப் பட்டத்தாலும் கூப்பிட்டதில்லை. அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"அவசரப்பட வேணாம் பிரகதா" என்றார். "காரு இரும்புதான. வெயிலு என்ன பண்ணப் போகுது."

தெருமுனையில் லோடு ஆட்டோவின் ஹார்ன் கேட்டது. ஷர்லி டீச்சர் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார். பின்னால் அவருடைய பள்ளிக்கூடத்துத் தொட்டிகள் மொத்தமும் தலையாட்டிக்கொண்டு வந்தன.

பிரகதீஸ்வரி எழுந்து முந்தானையில் கையைத் துடைத்தபடி சொன்னாள்.

"ஏங்க, கைராசிக்காரரே, கார அந்த வேப்பமரத்தடியிலேருந்து கொஞ்சம் வெயிலுக்குத் தள்ளி நிறுத்துங்க. ஆட்டோ நெழல்ல நின்னாத்தான் செடி வாடாம எறக்கலாம்."

ரெங்கராஜ் துண்டை எடுத்துக்கொண்டு போனார்.